சனிக்கிழமை வட்டத்தில் நீ சொன்னது

என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி, கடைசிக் காலத்தில் என் வீட்டுக்கே வந்து மறுபடியும் அதட்டத் தொடங்கிய என் அக்காவுக்கு,

இதை நீ படிக்கப் போவதில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் நீ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. "என்னடா, எனக்குத் தெரியாம என்ன எழுதுற?" என்று கேட்பாய். இந்த முறை அந்தக் கேள்வி என்னுடையது. எனக்குத் தெரியாமல் நீ என்ன சொன்னாய், அக்கா? சனிக்கிழமைதோறும் அந்த மாடி அறையில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு?

நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுவது சரிதானா என்று வெகு நாள் தயங்கினேன். அந்த அறையில் பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே முதல் விதி. ஆகவே வட்டத்திலேயே கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா என் பேரை மாத்தி நல்ல பேரா வைங்க" என்றார் ஒருவர். எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். அவரவர் சம்மதித்த பேச்சை மட்டும் எழுதுகிறேன். உன்னிடம்தான் சம்மதம் வாங்க வழியில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நீ தினமும் திட்டிக்கொண்டிருந்த இடது பக்க அடுப்பு இப்போது ஒழுங்காக எரிகிறது. அதன் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூலையில் இருந்த பேக்கரியை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஸ்ரீதர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறான். "அப்பா, அங்கேயே வந்துடுங்க, லிஃப்ட் இருக்கு, கீழேயே மருந்துக் கடை இருக்கு" என்கிறான். பெற்ற மகன்தான். ஆனாலும் அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் யார் அவனிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

சந்தேகம் என் தொழில். உனக்குத் தெரியாததா? தொழிற்சாலையில் என் வேலையே அளவுக் கருவிகளைச் சோதிப்பது. அழுத்தமானி காட்டுகிற எண்ணை எல்லோரும் நம்புவார்கள். நான் நம்பக் கூடாது. அதைவிடத் துல்லியமான இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு, எவ்வளவு தப்பு காட்டுகிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மனிதர்களை ஒப்பிடத் துல்லியமான மனிதர் யார் இருக்கிறார்கள்? அதனால் எல்லோரையும் சந்தேகித்துவிட்டு, கடைசியில் என்னையும் சந்தேகித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன்.

உன்னை மட்டும் நான் சோதித்ததில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். "எங்கே?" என்றால், "ஒரு எடத்துல உக்காந்து பேசுவோம்டா, சும்மா" என்பாய். மாமா போன துக்கத்துக்கு ஏதோ ஆறுதல் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். வரும்போது எனக்குக் காரா பன் வாங்கி வருவாய். நான் அதைத் தின்றுகொண்டே செய்தி பார்ப்பேன். என்ன பேசினீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ போன மறுநாள் துக்கம் கேட்க முன்பின் தெரியாத சிலர் வந்தார்கள். அவர்களில் முருகேஷ் என்று ஒருவன். கம்பெனி கேப் ஓட்டுகிறவன், ஆனேக்கல்காரன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், வயித்துல கட்டின்னு ஆடியிலயே எங்ககிட்ட சொல்லிட்டாங்க. எப்படித்தான் சிரிச்சிக்கினே இருந்தாங்களோ" என்றான். பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருவர் அவன் புஜத்தைக் கிள்ளினார். அவன் சட்டென்று வாயை மூடினான். அந்தக் கிள்ளலை நான் பார்த்துவிட்டேன்.

ஆடியிலேயா?

எனக்குத் தெரிந்தது மாசியில். நீ குளியலறை வாசலில் விழுந்த அன்று, ஆஸ்பத்திரியில், ஒரு சின்ன டாக்டர் சொல்லித்தான். "உங்களுக்குத் தெரியாதா?" என்று அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்போதுகூட உனக்கும் புதிதாகத்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆடிக்கும் மாசிக்கும் நடுவில் எனக்கு எத்தனை தோசை சுட்டுப் போட்டிருப்பாய்? தீபாவளிக்கு என்னோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்தாயே, அப்போதும் தெரியுமா?

கூடப்பிறந்தவனுக்கு இல்லாமல், கார் ஓட்டுகிறவனுக்கு. அவனைக் கிள்ளிய பெரியம்மாவுக்கு. ஏன்? நான் தாங்கமாட்டேன் என்றா? தாங்குவேன், ஆனால் உபயோகமில்லை என்றா? இல்லை, வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? இந்தக் கடைசிச் சந்தேகம் வந்த பிறகு, அங்கே நடப்பது குழு மனச்சிகிச்சை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, நானே போய்ச் சேர்வதென்று தீர்மானித்தேன்.

எதையும் கையேடு படிக்காமல் தொடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். நூலகத்தில் குழு உளச்சிகிச்சை பற்றித் தடியான ஒரு பாடப்புத்தகம் கிடைத்தது. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். இயற்பியல் படித்தவனுக்கு அது கொஞ்சம் நழுவுகிற விஷயம்தான். தன்னுடைய கஷ்டம் தனக்கு மட்டுமே உரியது என்று நினைத்து வருகிறவன், இன்னொருவன் வாயால் அதையே கேட்கும்போது பாதி குணமாகிறான் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடக் கை வந்தது. நூலகப் புத்தகம் என்பதால் போடவில்லை.

இன்னொன்று இருந்தது. அந்நியர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசப் பேச, அந்த வட்டம் மெல்ல அவரவர் பிறந்த வீடாக மாறிவிடுமாம். ஒருவர் அப்பாவாகத் தெரிவார், ஒருவர் பொறாமை பிடித்த தம்பியாக. பழைய வீட்டில் யாரிடம் பட்ட கோபமோ, அது இங்கே ஒரு அப்பாவியின் தலையில் விழும். அதைக் கண்டுபிடித்து அந்த இடத்திலேயே பேசித் தீர்ப்பதுதான் சிகிச்சை என்கிறார்கள். நான் இதையும் நம்பவில்லை. கோபத்துக்கு முகவரி மாறும் என்றால் அதை எந்தக் கருவியால் அளந்தார்கள்?

புத்தகத்தில் ஒரே ஒரு விஷயம் இல்லை. செத்துப்போனவர் என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்க அவருடைய தம்பி உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பது.

வட்டத்தை நடத்துகிற அம்மாவுக்கு ஷைலஜா என்று பெயர் வைத்திருக்கிறேன். கன்னடக்காரர். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். என்னைப் பார்த்ததும், "நீங்க சரோஜம்மா தம்பி அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அவங்க இங்க பேசினது ஒண்ணும் நான் உங்களுக்குச் சொல்றதுக்கு ஆகாது. யாரும் சொல்ல மாட்டாங்க. உங்களுக்காக வந்தா வாங்க. அவங்களுக்காக வந்தா பேடா, வேண்டாம்."

"எனக்காகத்தான்."

"ஹௌதா? நிஜமாவா?"

"ஹௌது" என்றேன். பொய்யைக் கன்னடத்தில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பாமலே சேர்த்துக்கொண்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நீ ஏறி இறங்கிய அந்தப் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, அக்கா! கீழே லேத் பட்டறை. சனிக்கிழமை அரை நாளோடு மெஷின் நின்றுவிட்டாலும் எண்ணெய் வாசனை மாடி வரை வருகிறது. எனக்கு அது பழகிய வாசனை. கொஞ்சம் தைரியம் வந்தது. நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற மாதிரி, வாசலும் எல்லா முகங்களும் தெரிகிற மாதிரி ஒரு காலி நாற்காலி இருந்தது. நேரே போய் அதில் உட்கார்ந்தேன்.

முருகேஷ் பாதி எழுந்து, "சார், அது வந்து..." என்றான். ஷைலஜா, "இர்லி, இருக்கட்டும்" என்று கையமர்த்தினார். அவனைக் கிள்ளிய பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு செய்தேன் என்று புரியாமல், நீ எப்போதும் கேலி செய்கிறபடியே, நான் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தேன். யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வட்டத்தில் ஒருவர் போய்விட்டால் அவருடைய நாற்காலியைச் சில காலம் எடுக்கமாட்டார்களாம். காலியாகவே வட்டத்தில் இருக்கும். புதிதாக வருகிறவர் மூலையில் அடுக்கியிருப்பதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் வந்த அன்றே நேராக உன் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் வாசலைப் பார்க்கிற இடமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். நான் பயந்தவன். நீ எதற்காக?

அந்த முதல் வாரங்களில் எனக்கு இருந்த சந்தேகத்தை என்னவென்று சொல்வேன்? நான் உட்கார்ந்ததும் முருகேஷ் எழுந்துபோய் மின்விசிறியைக் குறைப்பான். எனக்குக் காற்று ஆகாது என்று யார் சொன்னார்கள்? எல்லோருக்கும் சர்க்கரை போட்ட டீ. எனக்கு மட்டும் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ. உன் நோயைப் பற்றி மட்டும் நீ பேசவில்லை. என்னைப் பிரித்து மேய்ந்திருக்கிறாய்.

சோதித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "எனக்குப் பாகற்காய் என்றாலே ஆகாது" என்று வேண்டுமென்றே சொல்லிவிட்டு முகங்களைக் கவனித்தேன். பாகற்காய் இன்னும் வேண்டும் என்று நான் உன்னோடு சண்டை போட்டதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். பெரியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இன்னா சார், எங்கள செக் பண்றீங்களா?" என்றான் முருகேஷ்.

"உங்களுக்கெல்லாம் எல்லாம் தெரியும்" என்றேன். "எனக்குத்தான் ஒன்றும் தெரியாது."

அந்தப் பெரியம்மாவுக்கு எல்லம்மா என்று பெயர். நல்ல பெயராக வைக்கச் சொன்னவர் அவர்தான். எல்லம்மா என்பதே அவர் தேர்ந்தெடுத்ததுதான். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல்தான். நான் ஒருமுறை புத்தகத்தில் படித்ததை, குழு எப்படி முதலில் மரியாதையாக இருக்கும், பிறகு சண்டை போடும், அதன் பிறகுதான் நெருங்கும் என்பதை, கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். பாதியில், "சார், புக்கை மூடுங்க. பேஜாரா இருக்குது" என்றார் எல்லம்மா. "நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்க, அத்தச் சொல்லுங்க."

சண்டைக் கட்டத்தில் இருந்தேன் என்று நினைக்கிறேன். அன்றே முருகேஷைப் பார்த்து, "வெளியே சொல்லக் கூடாது என்கிறீர்களே, என் வீட்டுக் கூடத்தில் வந்து நீ சொன்னாயே, அது எந்த விதி?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் சார். அவங்க படத்தப் பாத்ததும் வாய்ல வந்துருச்சு." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எல்லம்மா பிடித்துக்கொண்டார், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவன் எப்போதுமே இப்படித்தான், வாய் நீளம், போன வருஷமும் ஒரு விஷயம் இவனால்தான் என்று ஆளுக்கு ஒன்று. தங்கள் பயத்தையெல்லாம் மூட்டை கட்டி ஒரே ஆள் தலையில் ஏற்றுவது எந்தக் குழுவிலும் நடக்கும் என்று புத்தகத்தில் படித்தது, கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஆரம்பித்து வைத்தவன் நான்தான் என்பதுதான் விசேஷம்.

"போதும், விடுங்கள் அவனை" என்றேன். "அவன் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. என் கோபம் அவன் மேல் இல்லை."

"யார் மேல, மூர்த்தி சார்?" என்று ஷைலஜா கேட்டார். நான் கைக்குட்டையைத் தேடி எடுத்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்த அம்மாவின் இந்த வழக்கம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது.

இனி சொல்லப்போவதை ஸ்ரீதர் படிக்கும் முன்பு அவனிடம் நேரில் சொல்லியிருப்பேன். நீதான் முதலில் கேள்.

என் வலது கை நடுங்குகிறது, அக்கா. நீ இருக்கும்போதே லேசாகத் தொடங்கியது. பேனா பிடிக்கும்போது இல்லை. சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடும். நரம்பு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். பார்க்கின்சன் என்றார். மெதுவாகத்தான் போகும், மாத்திரை இருக்கிறது, நடங்கள் என்றார். யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அதைத்தான் நான் செய்யவில்லை. ஸ்ரீதர் வரும்போது செய்தித்தாளை மடியில் போட்டு அதன் கீழே கையை வைத்துக்கொள்வேன். வட்டத்தில் செய்தித்தாள் கிடையாது. தோள்பையை மடியில் வைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை எல்லம்மா, "சார், அந்தப் பையைக் கீழ வைங்க" என்றார்.

"இருக்கட்டும்."

"கைய வெளிய எடுத்து வைங்க. எதுக்கு ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறீங்க? இன்னா ஆச்சு கைக்கு?"

"நீ யாரு என்னைக் கேட்க?" என்று கத்தினேன். எல்லம்மாவிடம், அதுவரை நான் பேர் சொல்லிக்கூட அழைக்காத ஒரு பெண்மணியிடம். "என்னைப் பத்தி எல்லாம் உனக்குத் தெரியணும். என்ன தின்னேன், எங்கே போனேன், கைக்கு என்ன ஆச்சு. ஆனா உனக்கு ஒண்ணு வந்தா மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டே. தோசையைச் சுட்டுப் போட்டு வாயை அடைச்சிடுவே!"

எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எல்லம்மா எனக்கு என்றைக்குத் தோசை சுட்டுப் போட்டார்?

யாரும் சிரிக்கவில்லை. எல்லம்மாவும் திருப்பித் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷைலஜா மெதுவாக, "மூர்த்தி சார், இப்ப சொன்னது எல்லம்மாவுக்கா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

கோபத்துக்கு முகவரி மாறுமா என்று கேட்டவன் நான். அதை அளக்கக் கருவி வேண்டாம் போலிருக்கிறது. எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நீ உட்கார்ந்திருந்தாய், அக்கா. உன்னுடைய அதே கேள்வி, அதே அதட்டல். உன்னிடம் கேட்க முடியாமல் போன கோபத்தை முழுக்கக் கேட்டுவிட்டேன். பதில்தான் வரவில்லை.

பையைக் கீழே வைத்தேன். கை எல்லோர் முன்னாலும் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மகனுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். யாராவது ஐயோ பாவம் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். முருகேஷ்தான் முதலில் பேசினான்.

"எங்கப்பாவுக்கு இதே இருந்துச்சு சார். சீட்டாட்டத்துல எப்பவும் தோத்துடுவாரு. கை ஆடுற ஆட்டத்துல அவர் சீட்டு எதுத்தாப்ல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரிடம் போய் வந்த நாளாக அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்னொருவன் வாயால் அதையே கேட்டால் பாதி குணமாகும் என்று எழுதியிருந்ததே, பாதி என்பது மிகை. கால்வாசி இருக்கலாம்.

படி இறங்கும்போதுதான் புரிந்தது, நான் என்ன செய்துவிட்டேன் என்று. பெற்ற மகனுக்குச் சொல்லாததை, கார் ஓட்டுகிறவனுக்கும் அவனைக் கிள்ளிய பெரியம்மாவுக்கும் சொல்லிவிட்டு வருகிறேன். படியிலேயே நின்றுவிட்டேன். ஏன் சொன்னேன் என்று ஒழுங்காக யோசித்தேன். அவர்களுக்குச் சொன்னால் நாளைக் காலையில் ஒன்றும் மாறாது. என் காபி டம்ளரை யாரும் பாய்ந்து வந்து பிடிக்கமாட்டார்கள். ஸ்ரீதருக்குச் சொன்னால், சொன்ன நிமிஷத்திலிருந்து நான் அவனுடைய அப்பா இல்லை, அவன் பொறுப்பு. இன்னும் கொஞ்ச நாள் அப்பாவாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று ஆசை.

உன்னுடையதும் இதேதானா? இன்னும் கொஞ்ச நாள் என்னை அதட்டுகிற அக்காவாகவே இருக்க ஆசைப்பட்டாயா? இருக்கலாம் என்று தோன்றியது. தோன்றிய உடனே சந்தேகமும் வந்தது. எனக்குச் சாதகமான விடை என்பதால் இதைப் பிடித்துக்கொள்கிறேனோ? வேறு ஏதாவது சொல்லியிருந்தாயானால்?

ஓசூர் ரோடு பஸ் நிறுத்தத்தில் எல்லம்மா நின்றுகொண்டிருந்தார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, விடுங்க சார். கம்பெனில கேக்காத திட்டா" என்றார். பஸ் வரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், கேக்கறீங்களா? அக்கா ஏன் உங்களுக்குச் சொல்லலன்னு. எனக்குத் தெரியும். அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். நீங்க படற பாட்டப் பாக்க முடியல. ஒரு வார்த்தைதான் சார்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அந்தச் செங்குத்துப் படியில் வாரா வாரம் ஏறினேன்? இதற்காகத்தானே பாகற்காயைப் பற்றிக்கூடப் பொய் சொன்னேன்? என் வாய் "சொல்லுங்க" என்று திறந்தது. அப்போதுதான், நல்லதாகவோ கெட்டதாகவோ, என் புத்தி தன் வழக்கமான வேலையைச் செய்தது. அக்கா சொன்னதை இந்த அம்மா எனக்குச் சொல்வார் என்றால், நான் இன்றைக்குச் சொன்னதை யாருக்குச் சொல்வார்? ஸ்ரீதர் அடுத்த தடவை இந்த ரோட்டில் காரை நிறுத்தினால், "நீங்க படற பாட்டப் பாக்க முடியல" என்று அவனிடமும் சாய்வாரா?

பெருந்தன்மையால் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. வெறும் சந்தேகத்தால் மறுத்தேன்.

"வேண்டாம்மா" என்றேன். "எனக்குச் சொல்லாதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க. அவளுடையதையும் என்னுடையதையும்."

எல்லம்மா என்னைப் பார்த்தார். கோபமா, நிம்மதியா, எனக்கு முகம் படிக்கத் தெரியாது. "சரி சார்" என்றார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவரே வட்டத்தில் அதைச் சொல்லிவிட்டார். "நான் சாருக்கு அக்கா விஷயத்தைச் சொல்றேன்னேன். சார் வேணான்னுட்டாரு. சொல்ல வந்தது என் தப்புதான்." ஷைலஜா தலையை மட்டும் ஆட்டினார். அதில் ஆச்சரியமே இல்லை. எனக்கு உடனே தோன்றியது: இந்த அம்மாதான் எல்லம்மாவை அனுப்பி என்னைச் சோதித்தாரா? கேட்கவில்லை. கேட்டால், "உங்களுக்கு ஏன் அப்படித் தோணுது?" என்று என்னிடமே திருப்பிக் கொடுப்பார்.

ஆக, நீ சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது, அக்கா. இனியும் தெரியப்போவதில்லை. அந்த அறையில் அது பத்திரமாக இருக்கிறது. அந்த அறையில் நானும் இப்போது ஒன்றை வைத்திருக்கிறேன் என்பதால், அதன் பூட்டை உடைக்க எனக்கு மனமில்லை. நீ ஏன் சொன்னாய் என்பது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ஏன் சொல்லவில்லை என்பதும் கொஞ்சம் புரிகிறது. ஆனால் புரிந்தால் வலிக்காது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. அந்தச் சின்ன டாக்டர் "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டபோது நான் நின்ற நிலை, என்னால் மறக்க முடியவில்லை.

அந்த நிலையில் ஸ்ரீதரை நிறுத்தமாட்டேன். அதுதான் நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்போது செய்தித்தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப்போகிறேன். எப்போதிலிருந்து என்று கேட்பான், உள்ளதைச் சொல்வேன். லிஃப்ட் இருக்கிறது என்பான், அதையும் கேட்டுக்கொள்வேன். பிறகு, "என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி வேற யார்கிட்ட சொன்னீங்கப்பா?" என்று கேட்பான். என் பிள்ளை, கேட்காமல் இருக்கமாட்டான். அதற்கும் உண்மையைச் சொல்வேன். அவனுக்குக் கோபம் வரட்டும். கோபப்பட எதிரில் நான் இருக்கும்போதே வரட்டும்.

உன்மேல் இன்னும் கோபம் தீராமல், ஆனால் சனிக்கிழமை தவறாமல் போய் வருகிற,
உன் தம்பி,
மூர்த்தி